பெரிங் கடல் பொலாக்: சினூக் சால்மனுக்கு வைத்த உச்சவரம்பு எப்படி வேலை செய்கிறது?

கடலோரம்

பைகேட்ச் (குறிவைக்காமல் மாட்டும் உயிர்கள்) உச்சவரம்பு என்றாலே எல்லோரும் அலாஸ்காவின் பெரிங் கடலைத்தான் காட்டுகிறார்கள். அதனால் அதற்கென்று ஒரு இழை தொடங்குகிறேன். 2007இல் பொலாக் மீன் பிடிக்கும் இழுவை மடிகளில் (கப்பல் இழுத்துச் செல்லும் பை வலை) 1,20,000க்கும் மேல் சினூக் சால்மன் மாட்டின. 2011இல் அங்குள்ள மீன்பிடி மேலாண்மைத் திட்டத்தின் ‘திருத்தம் 91’ நடைமுறைக்கு வந்து ஆண்டுக்கு 60,000 என்று வரம்பு கட்டியது. அதன்பின் 2023 வரை எந்த ஆண்டும் 35,000ஐ எட்டவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். பிடிப்பு வரம்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், குறைத்தது வரம்பா, வேறு ஏதாவதா? எட்டாத உயரத்தில் இருக்கும் எண் எந்தக் கேப்டனைக் கட்டுப்படுத்தும்? அதற்கு முன் ‘சால்மன் பாதுகாப்புப் பகுதி’ என்று கடலில் மூடி வைத்திருந்த இடங்கள் ஏன் பலன் தரவில்லை என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைக்கண்

வெளியே தெரிவது 60,000. உள்ளே கப்பல்களைப் பிடித்து வைப்பது வேறு ஒரு எண்: 47,591. இதைச் செயல்திறன் அளவு என்பார்கள். ஒரு பிரிவு (கரைப் படகுகள், பதப்படுத்தும் கப்பல்கள் போன்ற ஒரு குழு) இந்த அளவில் தனக்குரிய பங்கை, தொடர்ச்சியான எந்த 7 ஆண்டுகளிலும் 3 ஆண்டு தாண்டினால், அந்தப் பங்கே அதன் நிரந்தர வரம்பாகிவிடும். திரும்பக் கிடைக்காது. ஆகவே ஒரு மோசமான ஆண்டுக்கு இடம் உண்டு, அதையே வழக்கமாக்கிக்கொள்ள இடமில்லை.

60,000கூட எல்லோருக்கும் கிடைக்காது. சால்மனைத் தவிர்ப்பதற்காகப் படகுகளின் கூட்டுறவுகள் தாங்களே எழுதி அரசிடம் ஒப்புதல் வாங்கும் ஊக்கத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். சேராதவர்கள் 28,496 என்ற சிறிய வரம்புக்குள் மீன்பிடிக்க வேண்டும். வெளியே நிற்பது கட்டுப்படியாகாதபடி வேண்டுமென்றே வைத்த எண் அது.

அடுத்து பங்கீடு. ஏ பருவம் ஜனவரி 20இல் தொடங்குகிறது, முட்டைப்பைக்காகப் பிடிக்கும் குளிர்காலம். அதற்கு வரம்பில் 70%. ஜூன் 10இல் தொடங்கி நவம்பர் 1 வரை போகும் பி பருவத்துக்கு 30%. ஏ பருவத்துக்குள் கரை ஆலைகளுக்குக் கொண்டுவரும் படகுகளுக்கு 49.8%, கடலிலேயே பதப்படுத்தும் கப்பல்களுக்கு 32.9%, கரையோரச் சமூகங்களுக்கான ஒதுக்கீட்டுக்கு 9.3%, மற்றப் படகுகளின் மீனைக் கடலில் வாங்கிப் பதப்படுத்தும் தாய்க்கப்பல் பிரிவுக்கு 8%. கணக்குப் போட்டால் கரைப் படகுகளுக்கு ஏ பருவத்தில் 20,916 சினூக். செயல்திறன் அளவின்படி பார்த்தால் 16,590. இதையும் கூட்டுறவுக்குள் படகு படகாகப் பிரித்துவிடுகிறார்கள்.

கடலோரம் கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மொத்த எண்ணைப் பார்த்து எந்தக் கேப்டனும் மடியைத் தூக்குவதில்லை. தன் படகின் பங்கு ஜனவரியிலேயே தீர்ந்தால், கோட்டாவில் மீதிப் பொலாக் இருந்தாலும் பிடிக்க முடியாது, அல்லது அடுத்தவரிடம் சால்மன் பங்கு கேட்டு நிற்க வேண்டும். அந்தப் பயம்தான் மடியைத் தூக்க வைக்கிறது.

மீன்கணக்கு

வலைக்கண் சொன்னது சரி. ஆனால் அது நிற்பது எண்ணிக்கையின் மேல். 2011க்கு முன் என்ன நடந்தது என்று பாருங்கள். அப்சர்வர் (பிடிப்பைக் கண்காணிப்பவர்) ஒரு இழுப்பில் சில கூடைகள் மாதிரி எடுப்பார், அதில் கிடைத்த சால்மனை மொத்த எடைக்குப் பெருக்கிவிடுவார்கள்.

சினூக் அப்படி எண்ணக்கூடிய மீன் அல்ல. 13 லட்சம் டன் பொலாக்குக்கு 25,000 சினூக் என்றால் 1,000 டன்னுக்கு 19தான். 100 டன் இழுப்பில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பொலாக் இருக்கும், சினூக் ஏறத்தாழ இரண்டு. கூடையில் ஒன்று விழுந்தால் கணக்கு எகிறும், விழாவிட்டால் பூஜ்யம். ஆயிரக்கணக்கான இழுப்புகளைக் கூட்டிய மொத்தம் ஓரளவு சரியாக வரும். ஒரு தனிப் படகின் பங்கை அந்த மதிப்பீட்டில் வசூலிக்க முடியாது. வழக்குமன்றத்தில் ஒரு நாள்கூட நிற்காது.

அதனால்தான் திருத்தம் 91இல் மாதிரி முறையை விட்டுவிட்டு முழு எண்ணிக்கைக்கு வந்தார்கள். ஒவ்வொரு சால்மனும் எண்ணப்பட வேண்டும். நடைமுறை இப்படி:

பதப்படுத்தும் கப்பலில் மடி டெக்குக்கு வந்ததும் மீன் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து கன்வேயரில் எடைப் பட்டையைத் தாண்டும். கடல் ஆட்டத்தைக் கழித்து எடை காட்டும் தராசு அது. தினமும் சோதித்து 3%க்குள் பிழை இருந்தால்தான் மேலே ஓட்டலாம். அதன்பின் ஆட்கள் நின்று சால்மனைப் பொறுக்கும் இடங்கள். கடைசிப் பொறுக்குமிடத்தைத் தாண்டி ஒரு சால்மன்கூட ஆலைக்குள் போகக்கூடாது. பொறுக்கிய மீன் எல்லாம் ஒரே பெட்டிக்கு. பொறுக்குமிடங்கள் மேலும் அந்தப் பெட்டியின் மேலும் கேமரா. அப்சர்வர் எண்ணி, இனம் பிரித்து, மாதிரி எடுத்து முடிக்கும் வரை பெட்டியைத் தொடக்கூடாது. அடுத்த இழுப்பின் சால்மன் அதில் கலக்கக்கூடாது.

கரைப் படகுகள் கடலில் சால்மனை வீசாமல் முழுதாக டச்சு ஹார்பர், அகுட்டான் ஆலைகளுக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணிக்கை அங்கே நடக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். கன்வேயர் வேகமாக ஓடி மீன் அடுக்கு தடிமனானால் அடியில் கிடக்கும் சால்மன் தப்பிவிடும். தொட்டி முழுதாகக் காலியாவதற்குள் அடுத்த இழுப்பைக் கொட்டினால் எந்த மீன் எந்த இழுப்பு என்பது போய்விடும். மூன்றாவது இனம் பிரிப்பது. மடிக்குள் அரைபட்டுச் செதில் கழன்ற சினூக்கும், சம் என்ற இன்னொரு சால்மன் இனமும் ஒரே வெள்ளித்தோல் போலத்தான் இருக்கும். வாயைத் திறந்து பார்க்க வேண்டும். சினூக்குக்குப் பல் வரிசையின் அடியில் ஈறு கறுப்பு. வாலின் இரண்டு மடலிலும் புள்ளி இருக்கும். சம்முக்கு வாலில் புள்ளி கிடையாது, வெள்ளிக் கோடுகள் ஓடும்.

எண்ணும்போது சினூக்கில் 10க்கு 1, சம்மில் 30க்கு 1 என்று மரபணு மாதிரி எடுக்கிறார்கள். எந்த ஆற்றுக்குப் போக வேண்டிய மீன் என்று பிறகு சொல்ல முடிவது அதனால்தான்.

கடலோரம்

நன்றி. எண்ணி முடித்த மீன் என்ன ஆகிறது? விற்கிறார்களா?

மீன்கணக்கு

விற்கக் கூடாது. சால்மன், ஹாலிபட், ஹெர்ரிங், கிங் நண்டு, டேனர் நண்டு எல்லாம் இழுவைக் கப்பல்களுக்குத் ‘தடை இனம்’. உணவு வங்கிகளுக்குக் கொடுக்க மட்டும் ஒரு திட்டம் உண்டு, சீஷேர் என்ற அமைப்பு வழியாக. விற்க விட்டால் வரம்பு இன்னொரு கோட்டாவாக மாறிவிடும், எல்லோரும் அதை நிரப்பத்தான் பார்ப்பார்கள்.

நங்கூரம்

மூடிய பகுதிகள் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. முதலில் இருந்தது வரைபடத்தில் நிரந்தரமாகக் கோடு போட்ட பகுதி. குறிப்பிட்ட எண்ணிக்கை பிடிபட்டதும் அது மூடப்படும். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கோட்டுக்கு வெளியேதான் சினூக் விகிதம் கூடுதலாக இருந்தது. பகுதி மூடியதும் படகுகள் வெளியே போய் இன்னும் அதிகமாகப் பிடித்தன. சால்மன் நகரும் மீன். தண்ணீரின் சூடு மாறினால் இடமும் மாறும். பழைய ஆண்டுகளின் தரவை வைத்துப் போட்ட கோடு அதற்கு ஈடுகொடுக்காது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் நகரும் மூடல். அப்சர்வர் தரவு அன்றாடம் சேருகிறது. சீ ஸ்டேட் என்ற நிறுவனம் அதைத் தொகுத்து, விகிதம் கூடிய கட்டங்களை அடையாளம் கண்டு, கூட்டுறவுப் படகுகளுக்குச் சில நாட்களுக்கு மூடுகிறது. அரசாணை வேண்டாம், ஒப்பந்தமே போதும். மீறினால் ஒப்பந்தப்படி அபராதம்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2007இல் 1,20,000 பிடிபட்டபோது இந்த நகரும் மூடல் நடைமுறையில்தான் இருந்தது. அது படகை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தியது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் சால்மன் இருந்த அந்த ஆண்டில் ‘நிறுத்து’ என்று சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. இதே மூடல் முறை 2011க்குப் பின் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், பின்னால் படகு வாரியான வரம்பு நிற்பதுதான்.

வலைக்கண்

ஆமாம். 2007ஐ யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டியது.

நங்கூரம்

இனி மடி பக்கம். சால்மன் வெளியேற்றி என்று ஒரு பகுதியை மீன் சேரும் பைக்கு முன்னால் உள்ள குழாய்ப் பகுதியில் வைக்கிறார்கள். மேல் வலையில் ஒரு பெரிய துவாரம், அதன்மேல் கூரை போலத் தூக்கிய வலை. உள்ளே, துவாரத்துக்கு முன்னால், மேலிருந்து தொங்கும் வலைத் திரை. திரையின் கீழ் விளிம்பில் ஈயக் கயிறோ சங்கிலியோ கட்டி எடை ஏற்றியிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் திரைக்குக் கீழே குறுகி வேகமாக ஓடும், திரைக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த ஒரு பாக்கெட் உண்டாகும். பொலாக் களைத்துப்போய் ஓட்டத்தோடு பைக்குள் விழும். சினூக் வலுவாக நீந்தும் மீன். அது ஓட்டம் தணிந்த இடத்தில் நின்று, முன்னோக்கி மேலேறி, துவாரத்தில் வெளியேறும்.

எடைதான் எல்லாம். குறைந்தால் தண்ணீர் திரையை மேலே தூக்கி வலைக்கூரையோடு ஒட்டிவிடும், துவாரம் அடைபடும். பொருத்தியது வீண். கூடினால் திரை கீழே இறங்கி வழியை அடைக்கும், பொலாக் பின்னால் போக முடியாமல் தேங்கி மடி புடைக்கும், கண்ணிகளில் சிக்கும், பொலாக்கும் துவாரம் வழியே போகும். ஒரு கப்பலில் சரியாக இருக்கும் எடை, வேறு குதிரைத்திறனும் வேறு மடி அளவும் உள்ள கப்பலில் சரிவராது. மடிக்குள் கேமரா வைத்து, இழுவை வேகத்தில் திரை நிற்கும் உயரத்தைப் பார்த்துத்தான் எடையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு துவாரம் வைத்த வடிவமும் உண்டு. அதில் மேல் திரைக்கு எடை, கீழ்த் திரைக்கு மிதவை.

எல்லாம் சரியாக இருந்தாலும் பொலாக் அடர்த்தியாக உள்ளே பாயும் நேரத்தில் சினூக் அந்தக் கூட்டத்தோடு அடித்துச் செல்லப்படும், திரும்பி நீந்த இடமிருக்காது. அதனால் வெளியேற்றி ஒரு பங்கைத்தான் காப்பாற்றும், முழுவதையும் அல்ல. 2016இல் வந்த திருத்தம் 110 இதை ஜனவரி 20 முதல் மார்ச் 31 வரையும், செப்டம்பர் 1 முதல் பி பருவ முடிவு வரையும் ஊக்கத் திட்டங்களில் கட்டாயமாக்கியது. சினூக் விகிதம் ஏறும் மாதங்கள் அவை.

நதிக்கரை

இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறீர்கள், ஆனால் 60,000 எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அப்போது பரிசீலித்த எண்கள் பெரும்பாலும் கடந்த ஆண்டுகளின் பைகேட்ச் சராசரியிலிருந்து எடுத்தவை. ஆற்றுக்கு எத்தனை மீன் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து எடுத்தவை அல்ல.

2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் யூக்கான் ஆற்றுச் சினூக்குக்கு 7 ஆண்டு மீன்பிடித் தடை ஒப்பந்தம் போட்டன. சினூக்கின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்று அது. எல்லையைத் தாண்டி 71,000 மீன் வர வேண்டும் என்பது மீட்பு இலக்கு. கரையில் காலங்காலமாகச் சினூக்கை உலர்த்திக் குளிர்காலத்தைக் கழித்த மக்களுக்கு ஒரு மீனும் இல்லை. கடலில் மடி இழுப்பவருக்கு ஐந்திலக்கத்தில் வரம்பு. இதை எந்த நுணுக்கமும் சரிசெய்யாது.

மீன்கணக்கு

நதிக்கரை, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கணக்கை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். பொலாக் மடியில் மாட்டும் சினூக்கில் பல இன்னும் முதிராதவை. மாட்டியிருக்காவிட்டாலும் எல்லாமே ஆறு திரும்பியிருக்காது, ஒரு பகுதி கடலிலேயே இறந்திருக்கும். அதைக் கழித்து, எந்த ஆண்டில் எத்தனை திரும்பியிருக்கும் என்று பரப்பிக் கணக்கிடுகிறார்கள். பிறகு மரபணு. பெரும்பங்கு மேற்கு அலாஸ்காக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தவை. மேல் யூக்கான், அதாவது கனடா மீன், சில விழுக்காடுதான். இரண்டையும் சேர்த்தால் பைகேட்சைப் பூஜ்யமாக்கினாலும் யூக்கானில் அந்த 71,000 வந்துவிடாது. வெப்பமடைந்த நீரும் கடலில் உணவு மாறியதும் நோயும்தான் பெரிய காரணங்களாகப் பேசப்படுகின்றன.

நதிக்கரை

பூஜ்யமாக்கினால் ஆறு நிரம்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. பற்றாக்குறையை யார் சுமப்பது என்று கேட்கிறேன். திருத்தம் 110 ஒரு படி வைத்தது: உனலக்லீட், மேல் யூக்கான், குஸ்கோக்விம் மூன்று ஆறுகளுக்கும் திரும்பிய சினூக் மொத்தம் 2,50,000 அல்லது அதற்குக் கீழே என்று அக்டோபர் 1க்குள் அலாஸ்கா மாநிலம் அறிவித்தால், மறு ஆண்டு வரம்பு 45,000ஆகவும் செயல்திறன் அளவு 33,318ஆகவும் இறங்கும். அவ்வளவுதான், ஒரே படி. ஆற்றில் 2,40,000 வந்தாலும் 1,00,000 வந்தாலும் அதே 45,000.

வலைக்கண்

இதில் உங்களோடு நிற்கிறேன். ஒரே படி போதாது. அதைவிட நன்றாகச் செய்திருப்பது பக்கத்திலேயே இருக்கிறது: ஹாலிபட். தட்டை மீன் பிடிக்கும் ‘திருத்தம் 80’ இழுவைக் கப்பல்களுக்கு 2,325 டன்னாக இருந்த வரம்பை முதலில் 1,745க்குக் குறைத்தார்கள். 2024 முதல் அது ஹாலிபட் வளத்தோடு ஏறி இறங்குகிறது. தூண்டில் கணக்கெடுப்பு ஒன்று, இழுவைக் கணக்கெடுப்பு ஒன்று, இரண்டு குறியீடுகளும் ஒரு அட்டவணையில் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆண்டு வரம்பு இருக்கும். உச்சம் 1,745 டன், வளம் மிகக் குறைந்தால் 1,134 டன், அதாவது 35% வெட்டு. நடுவிலும் படிகள் உண்டு. சினூக்குக்கும் இதே மாதிரி அட்டவணை போடுவதற்குத் தேவையான தரவு ஆறுகளிலேயே இருக்கிறது.

ஹாலிபட்டில் இன்னொரு வேறுபாடு, வரம்பு பிடித்த அளவில் இல்லை, இறந்த அளவில். 100 கிலோ ஹாலிபட் ஏறி, இறப்பு விகிதம் 85% என்றால் 85 கிலோ கணக்கில் போகும். சீக்கிரம் திருப்பிவிட்டு விகிதத்தை 50%க்குக் கொண்டுவந்தால் 50 கிலோ. இதற்காகத்தான் டெக்கிலேயே பிரிப்பது வந்தது. மடியை டெக்கில் திறந்த 35 நிமிடத்துக்குள் ஹாலிபட்டைப் பொறுக்கி, அப்சர்வர் நீளமும் உயிர்நிலையும் பார்த்தபின் கடலில் விட வேண்டும். 35 நிமிடம் தாண்டினால் டெக்கில் பிரிப்பதை நிறுத்தியாக வேண்டும்.

சிக்கலும் உண்டு. அதுவரை தட்டை மீன் தொட்டிக்குப் போகாமல் டெக்கில் கிடக்கும், தரம் இறங்கும். அலை ஏறிய நாளில் டெக்கில் ஆள் நிற்க முடியாது. பெரிய இழுப்பில் அடியில் கிடக்கும் ஹாலிபட் நசுங்கி இறந்திருக்கும். ஆகவே இழுப்பைச் சிறிதாக்க வேண்டியிருக்கிறது. சிறிய இழுப்பு என்றால் கூடுதல் டீசல். வரம்பு இறுகும் ஆண்டில்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

கடலோரம்

படகுக்குப் படகு பிரிக்காமல், எல்லோருக்கும் பொதுவாக ஒரே வரம்பு வைத்த இடம் ஏதாவது உண்டா?

நங்கூரம்

ஹவாயின் வாள்மீன் நீள்தூண்டில் (நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டிப் பிடிப்பது). ஆமைகள் மாட்டியதால் மூடிக் கிடந்த தொழிலை 2004இல் திறந்தபோது வரம்பு: லாகர்ஹெட் ஆமை 17, தோணி ஆமை எனப்படும் லெதர்பேக் 16. எண் 18/0 வட்டத் தூண்டில், கணவாய்க்குப் பதில் மீன் இரை, எல்லாப் பயணத்திலும் அப்சர்வர். தூண்டிலும் இரையும் மாறியதால் ஆமை மாட்டுவது பெருமளவு குறைந்தது. ஆனாலும் 17 என்பது எல்லாப் படகுக்கும் பொதுவான எண். 2006 மார்ச்சிலேயே 17 வந்துவிட்டது, ஆண்டு முழுவதற்கும் மூடியாயிற்று. ஒரு ஆமையும் பிடிக்காத படகும் கரைக்கு வந்தது. பொது வரம்பில், மூடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று எல்லோரும் முந்துவார்கள். கவனமாகப் பிடிப்பவருக்குப் பலனில்லை. 2019இலும் மார்ச்சிலேயே மூட வேண்டி வந்தது. 2020இல் விதியை மாற்றி, ஒரு பயணத்துக்கு லாகர்ஹெட் 5 அல்லது லெதர்பேக் 2 என்று படகு அளவில் வைத்தார்கள்.

மறுபுறம், முழுக்கத் தனித்தனியாகப் பிரிப்பதும் ஆபத்து. அமெரிக்க மேற்குக் கரையில் 2011இல் தனிநபர் கோட்டா வந்தபோது யெல்லோஐ பாறைமீனுக்குப் படகுப் பங்கு மிகச் சிறியது. ஒரே மோசமான இழுப்பு ஆண்டுப் பங்கைத் தின்றுவிடும். அதனால் சில படகுகள் பங்குகளை ஒன்றாகப் போட்டு, யார் எங்கே எந்த ஆழத்தில் இழுக்கலாம் என்று தங்களுக்குள் விதி எழுதிக்கொண்டன. அரிதாக மாட்டி, மாட்டினால் கூட்டமாக மாட்டும் மீனுக்கு அந்த நடு வழிதான் சரி.

நதிக்கரை

சம் சால்மன் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2021இல் பொலாக் மடிகளில் 5 லட்சத்துக்கும் மேல் சம் மாட்டியது. அதே ஆண்டு யூக்கானில் சம் சரிந்து கிடந்தது. சினூக்குக்கு வைத்தது போலவே சம்முக்கும் வைத்தால் என்ன?

மீன்கணக்கு

வைக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் சினூக் எண்ணை நகலெடுத்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். மாட்டும் சம்மில் பெரும்பகுதி ஆசியக் குஞ்சுப் பொரிப்பகங்களில் விட்ட மீன். 2021இல் மேற்கு அலாஸ்கா மீன் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மொத்த சம்முக்கு வரம்பு வைத்தால், ஆசிய மீன் நிறைந்த இடத்தைத் தவிர்க்கப் படகு நகர்ந்து, மேற்கு அலாஸ்கா மீன் அதிகமுள்ள இடத்துக்குப் போய்விடலாம். மொத்த எண் இறங்கும், ஆற்று மீன் கூடுதலாகச் சாகும். மரபணு முடிவு மாதங்கள் கழித்து வருவதால் அந்தப் பருவத்திலேயே திருத்தவும் முடியாது. ஆகவே இடத்தையும் வாரத்தையும் வைத்து, மேற்கு அலாஸ்கா மீன் கடக்கும் வழியிலும் காலத்திலும் மட்டும் இறுக்கமான வரம்பு வைப்பது சரியாக வரும்.

இரண்டாவது, நாள்காட்டி. சம் மிகுவது கோடையில், சினூக் ஏறுவது செப்டம்பர், அக்டோபரில். கோடையில் சம்முக்காகப் படகை நிறுத்தினால் மீதிப் பொலாக் கோட்டாவை இலையுதிர்காலத்தில்தான் பிடிக்க வேண்டும், அங்கே சினூக் காத்திருக்கிறது. நடுவில் ஹெர்ரிங் வேறு. அதன் வரம்பு மதிப்பிட்ட வளத்தில் 1%, தாண்டினால் அதற்கென்று உள்ள பகுதிகள் மூடும், படகுகள் மீண்டும் நகரும்.

கடலோரம்

அப்படியானால் பி பருவத்தை ஒரு கேப்டன் எப்படித்தான் திட்டமிடுவார்?

வலைக்கண்

ஜூன் 10 அன்றே தொடங்குவார். ஜூன் மாதம் இரண்டு சால்மனும் குறைவு, அங்கே எவ்வளவு பொலாக் எடுக்க முடியுமோ எடுப்பார். புதிய இடத்தில் முதல் இழுப்பு குறுகியதாக இருக்கும், ஏனென்றால் சோனாரில் பொலாக் கூட்டத்துக்குள் நிற்கும் சால்மன் தனியாகத் தெரியாது, மடியை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். சம் ஏறினால் நகரும் மூடல் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இடம் மாற்றுவார். செப்டம்பர் 1க்குள் வெளியேற்றியைப் பொருத்தி, திரையின் எடையைக் கேமராவில் சரிபார்த்திருப்பார். அக்டோபருக்கு முன் கோட்டாவை முடிக்கப் பார்ப்பார். அக்டோபரில் சினூக் விகிதத்தை அடக்க ஊக்கத் திட்டங்களில் தனியாகவே ஏற்பாடு வேண்டும் என்று திருத்தம் 110 கேட்கிறது. தொடர்ந்து விகிதம் உயர்ந்திருக்கும் படகுக்குத் தண்டனையும் உண்டு. மிச்சப்படுத்திய சினூக்குக்குக் கிடைக்கும் சேமிப்பு வரவை 3 ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதும் அப்போது வந்ததுதான். அதற்கு முன் நல்ல ஆண்டுகளில் சேர்த்த வரவை நீண்ட காலம் கையில் வைத்து, மோசமான ஆண்டில் செலவழிக்க வழி இருந்தது.